தண்ணீருக்குள் ஒரு கல்லறை

திருமுழுக்கின் கதை – 6

சென்ற இதழைக் கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தியின் மரணப்படுக்கையில் நிறுத்தியிருந்தோம். கோயில்கள் கட்டிக் கொடுத்தவர், நைசியாவில் ஆயர்களைக் கூட்டிச் சங்கம் நடத்தியவர், 337-இல் உடம்பு தேறாது என்று தெரிந்த பிறகுதான் நிக்கொமீடியா அருகே திருமுழுக்குப் பெற்றார். இது அவர் ஒருவருடைய வினோதம் என்று நினைத்துவிட வேண்டாம். நான்காம் நூற்றாண்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இது பரவலான வழக்கம். மிலான் நகரத்து மக்கள் 374-இல் தங்கள் ஆயராக அம்புரோஸைத் தேர்ந்தெடுத்தபோது, அவர் திருமுழுக்கே பெறாதவராக இருந்தார். அவசர அவசரமாகத் திருமுழுக்குக் கொடுத்து, சில நாட்களிலேயே ஆயர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

தள்ளிப்போட்டவர்களின் கணக்கு எளிமையானது. திருமுழுக்கு ஒருமுறைதான். அதுவரை செய்த பாவங்கள் எல்லாம் அதில் போய்விடும். அதற்குப் பிறகு கொலை, விபசாரம் போன்ற பெரும்பாவத்தில் விழுந்தால், ஊரறிய நீண்ட காலம் தவம் கிடக்க வேண்டும். அதற்கும் வாழ்நாளில் ஒரு வாய்ப்புதான். அப்படியானால் கடைசியில் பெற்றுக்கொள்வதுதானே புத்திசாலித்தனம்?

திருமுழுக்கு என்றால் கழுவுதல், அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கில் பிழை சொல்ல முடியாது. ஆனால் அதே நூற்றாண்டில், எருசலேமில், வேறொரு விளக்கம் தண்ணீரிலும் எண்ணெயிலும் இருட்டிலும் நடித்துக் காட்டப்பட்டது. தண்ணீரில் இறங்குகிறவர் கிறிஸ்துவோடு சாகிறார், அவரோடு அடக்கம் செய்யப்படுகிறார், அவரோடு ஒட்டப்பட்டு எழுகிறார் என்பது அந்த விளக்கம்.

பவுல் போட்ட விதை

இந்தக் கருத்து எருசலேமில் பிறந்ததல்ல. ஏறத்தாழ 57-ஆம் ஆண்டில், கொரிந்து நகரில் இருந்தபடி, தாம் அதுவரை போயிராத ரோமாபுரியின் விசுவாசிகளுக்குப் பவுல் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பக்கத்துத் துறைமுகமான கெங்கிரேயா சபையைச் சேர்ந்த பெபேயாள் என்ற பெண்மணி அதைக் கொண்டுபோனதாகக் கருதப்படுகிறது. அந்தக் கடிதத்தின் ஆறாம் அதிகாரத்தில், ஒரு குதர்க்கமான கேள்விக்குப் பவுல் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மனிதனின் தகுதியைப் பார்க்காமல் கடவுள் அருளை அள்ளிக் கொடுக்கிறார் என்றால், இன்னும் அதிகமாகப் பாவம் செய்தால் இன்னும் அதிகமாக அருள் கிடைக்குமே, செய்தால் என்ன?

பவுல் சட்டத்தைக் காட்டவில்லை, நரகத்தைக் காட்டவில்லை. நீங்கள் தண்ணீரில் இறங்கிய நாளில் என்ன நடந்தது என்று மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். கிறிஸ்துவுக்குள் திருமுழுக்குப் பெற்றவர்கள் அவருடைய சாவுக்குள் திருமுழுக்குப் பெற்றவர்கள், அவரோடு புதைக்கப்பட்டவர்கள். செத்தவனுக்குப் பழைய எஜமான் வேலை வைக்க முடியாது. இதுதான் அவருடைய வாதம். அதே இடத்தில் அவர் ஓர் எச்சரிக்கையும் வைத்திருந்தார். சாவு முடிந்துபோன காரியம். கிறிஸ்துவோடு உயிர்த்தெழுவது இனி வரவேண்டியது. இடைப்பட்ட காலத்தில் நடை புதிதாக இருக்க வேண்டும். ஆக, பவுலைப் பொறுத்தவரை திருமுழுக்கு ஒருவருடைய கணக்கைத் தீர்த்துவிடுகிற சடங்கு என்பதோடு நிற்கவில்லை. இன்னொருவருடைய வாழ்விலும் சாவிலும் அவரைச் சேர்த்துவிடுகிற நிகழ்ச்சி அது.

இத்தனை அழுத்தமான கருத்து உடனே சடங்கில் ஏறிவிடவில்லை என்பதுதான் வரலாற்றின் வியப்பு. இந்தத் தொடரின் தொடக்கத்தில் பார்த்த 'டிடாக்கே' நூல், ஓடும் நீர் இல்லாவிட்டால் வேறு நீர், குளிர்ந்த நீர் இல்லாவிட்டால் வெந்நீர், எதுவும் போதிய அளவு இல்லாவிட்டால் தலையில் மூன்றுமுறை ஊற்று என்று நடைமுறையைப் பேசுகிறது. சாவையும் அடக்கத்தையும் பற்றிப் பேச்சே இல்லை. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ரோமாபுரியில் எழுதிய யுஸ்தீன், திருமுழுக்கை மறுபிறப்பு என்றும் ஒளிபெறுதல் என்றும் விளக்குகிறார். சிரியாவின் பழைய சபைகளுக்கு யோர்தான் நதிதான் முன்மாதிரி. இயேசு ஆற்றில் நின்றார், வானம் திறந்தது, ஆவி இறங்கியது. அதுவே ஒவ்வொருவருக்கும் நடக்கிறது என்று அவர்கள் எண்ணினார்கள்.

யூப்ரடீஸ் கரையில் துரா யூரோப்பொஸ் என்ற எல்லைக்கோட்டை ஊரில் அகழ்ந்தெடுத்த வீட்டுக் கோயிலை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பாரசீகப் படை 256-இல் அந்த ஊரை முற்றுகையிட்ட காலத்தில் அது மண்ணுக்குள் போனது. அதன் திருமுழுக்கு அறைச் சுவரில் விளக்கு ஏந்திய பெண்கள் வரிசையாக நடந்து வருகிறார்கள். பெட்டிபோன்ற பெரிய வெள்ளை வடிவம் ஒன்று எதிரே நிற்கிறது. இயேசுவின் கல்லறைக்கு வந்த பெண்கள் என்று பலர் சொல்கிறார்கள். கல்யாண ஊர்வலத்துக் கன்னியர் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். முதல் கட்சி சரி என்றால், மூன்றாம் நூற்றாண்டிலேயே தொட்டிக்குப் பக்கத்தில் கல்லறை வந்துவிட்டது, ஓவியமாக. எருசலேமில்தான் அது கல்லாகவே வந்தது.

தோண்டியெடுத்த இடம்

நைசியா சங்கம் முடிந்த கையோடு, எருசலேமில் ஹாட்ரியன் காலத்துக் கோயில் ஒன்றை இடித்து, அதன் அடியில் மூடிக்கிடந்த மண்ணை அள்ளச் சொன்னார் கான்ஸ்டன்டைன். பாறையில் வெட்டிய கல்லறை ஒன்று வெளிப்பட்டது. இயேசுவை வைத்த இடம் இதுவே என்று அன்றைய சபை நம்பியது. அதைச் சுற்றி எழுந்த கட்டடத் தொகுதி 335-இல் அர்ப்பணிக்கப்பட்டது. கிழக்கே ஐந்து நடைகள் கொண்ட பெரிய கோயில். அதற்கு 'மார்ட்டீரியம்' என்று பெயர். மேற்கே திறந்த முற்றம். முற்றத்தின் மூலையில் கொல்கொதா பாறை. அதையும் தாண்டினால் கல்லறை. பிற்பாடு அதன்மேல் 'அனஸ்தாசிஸ்' என்ற வட்ட மண்டபம் எழுந்தது. வேலை முடியாத 333-ஆம் ஆண்டிலேயே வந்துபோன போர்டோ நகரத்துப் பயணி ஒருவர், அங்கே பின்புறம் திருமுழுக்குத் தொட்டி இருந்ததைக் குறித்து வைத்திருக்கிறார்.

இந்த வளாகத்தில்தான் சிரில் ஆயராக இருந்தார். 350-ஐ ஒட்டிப் பதவிக்கு வந்து 386-இல் இறந்தவர். இடையில் மும்முறை நாடு கடத்தப்பட்டவர். தவக்காலத்தில் அவர் ஆற்றிய 18 உரைகளும் ஒரு முன்னுரையும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. சிலுவையைப் பற்றிப் பேசும்போது அவர் கொல்கொதாவைச் சுட்டிக்காட்டிப் பேசுகிறார். மற்ற ஊர்க்காரர்கள் கேள்விப்படுவதை இந்த ஊர்க்காரர்கள் கண்ணால் காண்கிறார்கள், கையால் தொடுகிறார்கள் என்பதில் அவருக்குப் பெருமை.

திருமுழுக்குக்குப் பிறகு ஆற்றப்பட்ட ஐந்து விளக்க உரைகளும் அவர் பெயரில் வழங்குகின்றன. ஆனால் சில ஏடுகள் அவருக்குப் பின்வந்த யோவானின் பெயரைச் சொல்கின்றன. அறிஞர்களின் வழக்கு இன்னும் தீரவில்லை. ஆகவே அந்த ஐந்தைப் பேசும்போது 'ஆயர்' என்று மட்டும் சொல்லிக்கொள்வோம்.

பெயர் கொடுத்தவர்கள்

381-க்கும் 384-க்கும் இடையில் மேற்குக் கோடியிலிருந்து எகேரியா என்ற பெண்மணி திருத்தல யாத்திரை வந்தார். தன் ஊரிலிருந்த சகோதரிகளுக்கு அவர் எழுதிய மடல் 1884-இல் இத்தாலியின் அரெட்ஸோ நகரில் ஒரு பழைய ஏட்டில் கிடைத்தது. தொடக்கமும் முடிவும் தொலைந்துபோன ஏடு. ஆனால் எருசலேமின் தவக்காலம் அதில் கண்முன் நடக்கிறது.

தவக்காலம் தொடங்குவதற்கு முன்பே பெயர் கொடுத்துவிட வேண்டும். மறுநாள் மார்ட்டீரியத்தின் நடுவில் ஆயரின் நாற்காலியைப் போடுவார்கள். இரு பக்கமும் குருக்கள் உட்கார, பெயர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். ஆண்களுக்கு ஞானத்தகப்பன் துணை, பெண்களுக்கு ஞானத்தாய். ஆயர் கேட்பது வந்தவரிடம் அல்ல, அக்கம்பக்கத்தாரிடம். நல்லபடியாக இருக்கிறாரா? பெற்றோரை மதிக்கிறாரா? குடிகாரரா? பொய்க்காரரா? யாரும் குறை சொல்லவில்லை என்றால் ஆயர் தம் கையாலேயே பெயரை எழுதிக்கொள்வார். குறை வந்தால், போய்த் திருந்தி வா என்று அனுப்பிவிடுவார். சாட்சி சொல்ல ஆள் இல்லாத வெளியூர்க்காரர்கள் பாடு சிரமம்தான் என்று எகேரியா எழுதுகிறார்.

வந்தவர்கள் எல்லாரும் பக்தியால்தான் வந்தார்களா என்று சிரிலுக்கே சந்தேகம் உண்டு. கிறிஸ்தவம் அரச மதமாகிக்கொண்டிருந்த காலம். ஒரு பெண்ணின் மனத்தைப் பிடிப்பதற்காக வந்தவன், எஜமானைத் திருப்திப்படுத்த வந்த அடிமை, நண்பனுக்காக வந்த நண்பன் என்று அவரே பட்டியல் போடுகிறார். போட்டுவிட்டு, சரி, அதுவும் தூண்டில் இரைதான், வந்து மாட்டிக்கொண்டாய், இனி ஓடாதே என்கிற தொனியில் சிரித்துக்கொள்கிறார். அதே உரையில் மாயவித்தைக்காரன் சீமோனின் கதையையும் எடுக்கிறார். அவனும் தண்ணீரில் இறங்கினான். உடம்பு நனைந்தது, உள்ளம் நனையவில்லை.

பிறகு ஏழு வாரம். நாள்தோறும் காலையில் பேயோட்டும் சடங்கு. முகத்தைத் துணியால் மூடியிருப்பார்கள். முறை வரும்வரை ஆண்கள் கூடி உட்கார்ந்து ஏதாவது வாசிக்கட்டும், பெண்கள் உதடு மட்டும் அசைய, சத்தம் வெளியே வராமல் செபிக்கட்டும் என்று சிரில் சொல்லிவைத்திருந்தார். அது முடிந்ததும் மூன்று மணி நேரம் மறையுரை. ஆதியாகமத்தில் தொடங்கி வேதம் முழுக்க விளக்கம். ஐந்து வாரம் கழித்து விசுவாச அறிக்கை. கடைசியில் ஒவ்வொருவரும் அதை ஆயரிடம் மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும்.

ஆனால் இத்தனை வாரப் பாடத்தில் ஒன்று மட்டும் இல்லை. அந்த இரவில் தண்ணீரில் தங்களுக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்பதை அவர்களுக்கு முழுதாகச் சொல்லவில்லை. சடங்கின் உட்பொருள் வெளியே பேசக்கூடாத இரகசியம். நடந்த பிறகுதான் விளக்கம்.

அந்த இரவு

உயிர்ப்புப் பெருவிழாவின் முன்னிரவு. முதலில் திருமுழுக்கு அறையின் வெளிக்கூடத்தில் மேற்குப் பார்த்து நிறுத்துகிறார்கள். மேற்கு என்றால் சூரியன் மறையும் திசை, இருளின் திசை. எதிரே ஆள் நிற்பதுபோலக் கையை நீட்டி, சாத்தானையும் அவன் செயல்களையும் அவனுடைய பகட்டையும் வழிபாட்டையும் கைவிடுவதாக அவன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். பகட்டு என்றால் என்ன என்று ஆயர் பிறகு விளக்கும்போது நாடகக் கொட்டகை, குதிரைப் பந்தயம், மிருக வேட்டைக் காட்சி என்று அன்றைய எருசலேம் வாலிபர்களின் பொழுதுபோக்குகள் வரிசையாக வருகின்றன. சொல்லி முடித்ததும் கிழக்கே திரும்பி, தந்தை, மகன், தூய ஆவியிடம் விசுவாசத்தை அறிக்கையிட வேண்டும். கடவுள் ஏதேன் தோட்டத்தை வைத்த திசை கிழக்கு.

உள்ளே நுழைந்ததும் உடையைக் கழற்றுகிறார்கள், முழு நிர்வாணம். சிலுவையில் கிறிஸ்துவும் அப்படித்தான் தொங்கினார், ஏதேனில் ஆதாமும் வெட்கமின்றி அப்படித்தான் நின்றான் என்பது ஆயரின் விளக்கம். (பெண்களுக்கு எண்ணெய் பூசப் பெண் தொண்டர்களே வேண்டும் என்று மூன்றாம் நூற்றாண்டின் சிரிய நூலான 'திதஸ்காலியா' ஏற்கெனவே விதித்திருந்தது.) தலைமுடியிலிருந்து உள்ளங்கால் வரை மந்திரித்த எண்ணெயைப் பூசுகிறார்கள். காட்டு ஒலிவக் கிளையை வெட்டி நல்ல ஒலிவ மரத்தில் ஒட்டும் பவுலின் உவமையை ஆயர் இங்கே கொண்டுவருகிறார். அந்த எண்ணெய், ஒட்டப்பட்ட கிளைக்குள் ஏறும் தாய்மரத்தின் கொழுமை.

அடுத்தது தொட்டி. சிலுவையிலிருந்து இறக்கிய உடலைக் கல்லறைக்குக் கொண்டுபோனதுபோல உங்களைக் கைப்பிடித்து அழைத்துப்போனார்கள் என்று ஆயர் பின்னர் நினைவூட்டுவார். மற்ற ஊர்களில் இது உவமையாகத்தான் இருக்க முடியும். இங்கே அந்தக் கல்லறை கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஒவ்வொருவரிடமும் தந்தை, மகன், தூய ஆவியின்மேல் விசுவாசம் உண்டா என்று கேட்டு, மும்முறை முழுக்கினார்கள். மூன்று முழுக்கு, கல்லறையில் கழிந்த மூன்று நாள். தண்ணீருக்குள் கண் தெரியாது, அது இரவு. மேலே வந்தால் வெளிச்சம், அது பகல். ஒரே நொடியில் செத்தீர்கள், பிறந்தீர்கள். ஒரே தண்ணீர் உங்களுக்குக் கல்லறையும் ஆயிற்று, தாயும் ஆயிற்று என்கிறார் ஆயர். யோர்தானையும் மறுபிறப்பையும் அவர் தள்ளிவிடவில்லை. பவுலின் கல்லறையை அதற்குள்ளேயே வைத்துவிட்டார்.

கதவை மூடிக்கொண்டு ஒரு வாரம்

உயிர்ப்பு வாரத்தில் புதிதாய்த் திருமுழுக்குப் பெற்றவர்கள் வெள்ளை உடுத்தி அனஸ்தாசிஸில் கூடினார்கள். கதவைச் சாத்திவிட்டு, கல்லறைக்கு அருகிலேயே நின்று ஆயர் விளக்கினார். அவர் பேசியது கிரேக்கம். சிரிய மொழி தெரிந்திருந்தாலும் அதில் பேசுவதில்லை. பக்கத்தில் ஒரு குரு நின்று சிரிய மொழியில் பெயர்ப்பார். லத்தீன் மட்டும் தெரிந்தவர்களுக்கு இருமொழி அறிந்த சகோதர சகோதரிகள் எடுத்துச் சொல்வார்கள். கேட்டவர்கள் எழுப்பிய ஆரவாரம் கோயிலுக்கு வெளியேயும் கேட்டதாம்.

எதற்காக அந்த ஆரவாரம்? ஐந்து உரைகளில் இரண்டாவதில் விடை இருக்கிறது. திருமுழுக்கு பாவமன்னிப்புக்கும் கடவுளின் பிள்ளைகளாவதற்கும் மட்டும் என்று யாரும் எண்ணிவிடாதீர்கள் என்கிறார் ஆயர். மன்னிப்பு மட்டும் என்றால் யோவான் ஸ்நானகன் கொடுத்ததே போதுமே. கிறிஸ்து பட்ட பாடுகளில் பங்கு என்பதுதான் இதன் தனிச்சிறப்பு என்று சொல்லி, ரோமருக்கு எழுதிய கடிதத்தின் அந்த ஆறாம் அதிகாரத்தை எடுக்கிறார்.

உடனே ஒரு நியாயமான சந்தேகம் எழும். நாங்கள் சாகவில்லையே? ஆணியும் அடிக்கவில்லை, அடக்கமும் செய்யவில்லை, தண்ணீரில்தானே நனைந்தோம்? ஆயர் இதை மழுப்பவில்லை. ஆமாம், உங்களுக்கு நடந்தது சாயல்தான் என்று ஒப்புக்கொள்கிறார். ஆணியும் வலியும் சாவும் கிறிஸ்துவுக்கு உண்மையாக நடந்தன. நமக்கு வந்தது அதன் ஒப்பனை. ஆனால் அந்த ஒப்பனையால் நமக்குக் கிடைத்த மீட்பு ஒப்பனை அல்ல, முழு உண்மை. வலி அவருக்கு, பலன் நமக்கு. இதைவிடப் பெரிய மனிதநேயம் உண்டா என்று அவர் வியக்கும் இடத்தில்தான் கூட்டம் ஆரவாரித்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த வாதத்தின் நுட்பம் கவனிக்கத் தக்கது. சடங்கு வெறும் நாடகம் என்றும் சொல்லவில்லை; மந்திரம் என்றும் சொல்லவில்லை. கிறிஸ்துவின் சாவு ஒருமுறை நடந்து முடிந்தது. அதைத் திரும்ப நடத்த முடியாது. ஆனால் அதில் ஒருவரைச் சேர்க்க முடியும், சேர்ப்பதற்கான வாசல் இந்தச் சாயல். பின்னர் கிறிஸ்தவ இறையியல் 'கிறிஸ்துவோடு ஒன்றிப்பு' என்று பெரிய தலைப்பில் பேசப்போவதன் கரு இதுதான்.

அந்த ஒன்றிப்பு தண்ணீரோடு முடிவதில்லை என்பதை மற்ற உரைகள் காட்டுகின்றன. கரையேறியதும் நெற்றியிலும் காதுகளிலும் மூக்கிலும் மார்பிலும் நறுமணத் தைலம் பூசுவார்கள். யோர்தானிலிருந்து ஏறிய இயேசுவின்மேல் இறங்கிய ஆவி இவர்கள்மேலும் இறங்குகிறது. பிறகு முதன்முறையாக நற்கருணைப் பந்தி. அதை எப்படி வாங்குவது என்றுகூட ஆயர் சொல்லித் தருகிறார். விரல்களை விரித்துக்கொண்டு வராதே. அரசரை வரவேற்கும் சிம்மாசனம்போல இடக்கையை வலக்கைக்குக் கீழே வை. உள்ளங்கையைக் குழித்து வாங்கிக்கொள். ஒரு துணுக்கும் கீழே சிந்தவிடாதே. அதை உண்டவர் கிறிஸ்துவோடு ஓருடலும் ஓர் இரத்தமும் ஆகிறார். சாவில் தொடங்கிய சேர்க்கை சாப்பாட்டில் தொடர்கிறது.

ஊர் ஊராக

இப்போது தள்ளிப்போட்டவர்களின் கணக்குக்குத் திரும்பலாம். அழுக்கைப் போக்குவதற்குத்தான் திருமுழுக்கு என்றால், அழுக்கு சேர்வது நின்ற பிறகு குளிப்பதே சிக்கனம். ஒருவரோடு சேர்ந்து வாழத் தொடங்குவதற்கு என்றால், தள்ளிப்போட்ட ஒவ்வொரு வருடமும் நட்டம். எருசலேம் உரைகள் இந்தக் கணக்கை முன்னிட்டு எழுந்தவை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவை பரப்பிய விளக்கத்தின் முன்னால் அந்தக் கணக்கு நிற்காது. கான்ஸ்டான்டிநோப்பிளில் நசியான்சு கிரகோரி 381-இல் தள்ளிப்போடுவோரைக் கண்டித்து நீண்ட உரையே ஆற்றினார்.

யாத்திரிகர்கள் எருசலேமின் வழக்கங்களை ஊருக்கு ஊர் கொண்டுபோனார்கள். கல்லறையைக் கொண்டுபோக முடியாது. ஆகவே தொட்டியைக் கல்லறையாக எண்ணிக்கொண்டார்கள். மிலானில் அம்புரோஸ், தொட்டியின் வடிவமே கல்லறைபோல இருப்பதைச் சுட்டிக்காட்டி உரையாற்றினார். அங்கே அவருடைய எண்கோண மண்டபத்தின் அடித்தளம் இன்றைய பேராலயத்தின் அடியில் இருக்கிறது. 387-இல் உயிர்ப்பு இரவன்று அதில் இறங்கியவர்களில் அகஸ்டினும் அவர் மகன் அதெயொதாத்தும் நண்பர் அலிப்பியும் உண்டு. நெகேவ் பாலைவனத்தின் ஷிவ்தாவில் தொட்டியையே சிலுவை வடிவில் கல்லில் குடைந்தார்கள். இறங்குகிறவர் சிலுவைக்குள்ளேயே இறங்குவார்.

ஆனால் எருசலேம் விட்டுச்சென்ற இரண்டு சிக்கல்கள் பல நூற்றாண்டுகளுக்குத் தீரவில்லை. நடந்த பிறகு விளக்குவது அந்த முறையின் உயிர்நாடி. அது வளர்ந்தவர்களை எதிர்பார்த்து அமைந்தது. கைக்குழந்தைகளுக்குக் கொடுப்பதே பொதுவழக்கமான பிறகு, அந்த ஒரு வார விளக்கத்தைக் கேட்க ஆள் இல்லாமல் போயிற்று. சடங்கு நின்றது, பேச்சு உதிர்ந்தது. குழந்தைத் திருமுழுக்கைப் பற்றி 1525-இல் சூரிச் நகரில் வெடித்த சண்டைக்கு இதுவும் ஒரு வேர். அது பின்னால் வரும்.

இரண்டாவது சிக்கல் அந்தக் காலத்திலேயே எரிந்துகொண்டிருந்தது. மனம் திறக்காத சீமோனுக்குத் தண்ணீர் பலிக்கவில்லை என்றார் சிரில். சரி, பெறுகிறவரின் மனம் கெட்டிருந்தால் அப்படி. கொடுக்கிறவரின் கை கெட்டிருந்தால்? கொடுங்கோலர்களுக்குப் பயந்து வேதப் புத்தகங்களை ஒப்படைத்துவிட்ட ஆயர் ஒருவர் முழுக்கியெடுத்தால், அந்தத் தண்ணீர் கிறிஸ்துவோடு சேர்க்குமா, துரோகியோடு சேர்க்குமா? வட ஆப்பிரிக்கா இந்தக் கேள்வியால் இரண்டாகப் பிளந்தது. ஊருக்கு இரண்டு ஆயர், எதிரெதிரே இரண்டு கோயில். மிலான் தொட்டியிலிருந்து ஏறிய அகஸ்டின் ஊர் திரும்பி ஆயரானபோது, அவர் தலைமேல் விழுந்த முதல் பெரிய வழக்கு இதுதான். அவர் கொடுத்த தீர்ப்பை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)